இல்லத்து மறையும் அறத்தொடு நிலையும்
(நீல. பத்மநாபனின் இரு நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு)

“வீட்டுக்கு வீடு வாசற்படி” என்பது நம் முன்னோர் மொழி. வாசற்படி உள்ள வீட்டுக்குக் கதவுண்டு. கதவுள்ள இடத்தில் தாழும் உண்டு. அத்தாழுக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒன்றை ஊராரிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறது. சில குடும்பங்களில் ஒருவர் மற்றவரிடமிருந்தே மறைத்து வைத்திருக்கிறார். இவ்வாறு மறைக்கப்பட்ட ஒன்றைச் சுற்றி எழுப்பப்படும் நாவலை உளவியல் மர்ம நாவல் என்று மேனாட்டார் வகைப்படுத்துவர். அவ்வகை நம் தமிழில் உண்டா என்று இளைஞர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. உண்டு; அதுவும் நம் எல்லைப் புறத்து மண்ணிலேயே உண்டு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துப்பறியும் கதையும் இல்லத்து மர்மமும்

துப்பறியும் கதை தமிழுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டுக் கதைகளைத் தழுவியும் தாமே புனைந்தும் எண்ணற்ற மர்மக் கதைகளைத் தந்தனர். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தனர். இக்கதைகளில் குற்றம் வெளியே நிகழும். அறிவுக் கூர்மையுள்ள ஒருவர் வெளியிலிருந்து வந்து அதை அவிழ்ப்பார். குற்றவாளி அகப்பட்டதும் நூலை மூடிவிட்டு நாம் உறங்கச் செல்வோம்.

குடும்பத்துக்குள் நிகழும் மர்மம் அத்தகையதன்று. ஆங்கிலத்தில் வில்கி காலின்ஸ் 1860இல் நூல் வடிவில் தந்த ‘வெள்ளை உடைப் பெண்’ என்ற நாவலில், மனைவியின் பொருளைக் கவர விரும்பிய கணவன் அவளை வேறொருத்தியின் பெயரால் மனநோய் விடுதியில் அடைத்து விடுகிறான். தாப்னே து மோரியேயின் ‘ரெபெக்கா’ 1938இல் வெளிவந்தது. அதில் இறந்துபோன முதல் மனைவியைப் பற்றிய மறைபொருள் ஒன்று மாளிகை முழுவதையும் ஆட்சி செய்கிறது. இவற்றில் வீடே களம். கணவனோ மாமனோ எதிரி. துப்பறிவோனும் அவ்வீட்டில் உண்டு உறங்குபவனே. குற்றத்தைக் கண்டுபிடித்த பின்னும் அவன் அதே வீட்டில்தான் வாழ வேண்டும். அச்சம் இங்கேதான் பிறக்கிறது.

நம் இலக்கணத்தில் இதற்கு இடமுண்டா?

மறைத்தலும் வெளிப்படுத்தலும் பற்றித் தமிழர் ஆழமாக எண்ணியிருக்கின்றனர். தொல்காப்பியம் காதல் வாழ்வைக் களவு என்றும் கற்பு என்றும் பகுக்கிறது. களவு என்பது மறைவு. அம்மறைவை ஊரார் முணுமுணுப்பது அலர். திருவள்ளுவரும் இதற்கெனவே ‘அலரறிவுறுத்தல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். மறைவை உரியவர் உரிய முறையில் உரியவரிடம் எடுத்துரைப்பது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் குறிப்பால் உணர்த்துவாள். உண்மை ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கு, அன்பு என்னும் பாலத்தின் வழியே செல்கிறது.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அலரும் மறைவை வெளிப்படுத்துகிறது. அறத்தொடு நிற்றலும் மறைவை வெளிப்படுத்துகிறது. ஆயினும் ஒன்று பழி, மற்றொன்று அறம். அலர் தூற்றுவோர்க்குப் பொறுப்பில்லை. அறத்தொடு நிற்போர்க்குப் பொறுப்புண்டு. இவ்வேறுபாட்டை உரைகல்லாகக் கொண்டு நோக்கினால் நம் நாவல்களின் உட்பொருள் நன்கு விளங்கும்.

இம்மண்ணின் முதற் சான்று

நீல. பத்மநாபனுக்கு வருமுன் மலையாளத்து முன்னோடி ஒருவரை நினைவுகூர்தல் தகும். சி. வி. இராமன் பிள்ளை (1858-1922) எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ 1891இல் வெளிவந்தது. அதனை வரலாற்று நாவல் என்றே பள்ளிகளில் கற்பிக்கின்றனர். அதன் நிகழ்ச்சிகள் பெரிதும் பத்மநாபபுரத்திலும் திருவனந்தபுரத்திலும் நடைபெறுகின்றன. அவ்விரு தலைநகரங்களுக்கும் இடைப்பட்ட வழியிலேதான் நம் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அமைந்துள்ளன.

அரியணைப் போரை ஒரு புறம் ஒதுக்கிவிட்டு அந்நாவலைப் படித்துப் பாருங்கள். இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவன் பித்தனாக வேடம் பூண்டு திரிகிறான். சுபத்திரை என்னும் பேரறிவுடைய பெண், ஒருவன் கூறிய பொய்ப்பழி காரணமாகக் கணவனால் கைவிடப்பட்டு வாழ்கிறாள். அக்கணவனோ வேற்றுப் பெயரும் வேற்றுச் சமயமும் பூண்டு அருகிலேயே உலவுகிறான். தன்னைப் பெற்ற தந்தை யார் என்ற உண்மையும் அவளுக்கு நெடுங்காலம் மறைக்கப்படுகிறது. மறைவுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும் துப்பறிவாளர் அவளே. இறுதியில் தன் குலத்துக் காரணவராகிய மாமன் கையாலேயே அவள் உயிர் துறக்கிறாள். மருமக்கள் தாய முறையில் பெண்ணுக்குக் காவலாக அமைந்த மாமனே அவளுக்குக் கூற்றுவன் ஆகிறான்.

ஒரு பெண்மேல் சொல்லப்பட்ட ஒரு சொல், உண்மையா பொய்யா என்று ஆராயப்படாமலே அவள் வாழ்வை அழித்த கதை அது. எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, அதே பழைய திருவிதாங்கூர் மண்ணில், தமிழில், இதே கரு மீண்டும் முளைத்தது.

தலைமுறைகள்

நீல. பத்மநாபன் 1938இல் பிறந்தவர். கேரள மின் வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியவர். ‘இலையுதிர் காலம்’ நாவலுக்காக 2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவரது ‘தலைமுறைகள்’ 1968இல் வெளிவந்தது. க. நா. சுப்ரமண்யம் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2010இல் அது ‘மகிழ்ச்சி’ என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது.

கதைக்களம் இரணியல். களியக்காவிளையைக் கடந்து தக்கலைப் பக்கம் செல்வோர்க்கு நன்கு தெரிந்த ஊர். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் செட்டிமார் சமூகத்துக் குடும்பம் ஒன்றின் கதை இது. திரவி என்னும் இளைஞனின் கண்வழியே நாம் அக்குடும்பத்தைக் காண்கிறோம். உண்ணாமலை ஆச்சி பழங்கதைகளின் களஞ்சியமாக விளங்குகிறாள். அக்கதைகளுள் குலமானத்தின் பெயரால் பெண்கள் உயிர் விட்ட தொன்மமும் ஒன்று. குழந்தை கேட்டு மகிழும் கதைபோல ஆசிரியர் அதை முதலில் வைக்கிறார். பின்னர்தான் தெரிகிறது, அது வெறுங்கதையன்று, அவ்வீட்டில் மீண்டும் நிகழப்போவதற்கான முன்னறிவிப்பு என்று.

திரவியின் உடன்பிறந்தாள் நாகு மணமுடித்துச் செல்கிறாள். சில காலத்தில் திருப்பி அனுப்பப்படுகிறாள். அவளிடம் பெண்மைக்குரிய குறை இருக்கிறது என்று கணவன் செவத்தபெருமாள் கூறுகிறான். அச்சொல் ஊரெங்கும் பரவுகிறது. குறை உண்மையில் யாரிடம் உள்ளது என்பதே நாவலின் மறைபொருள். அது அக்கணவனிடமே உள்ளது. தன் ஆண்மைக் குறையை மறைக்க, அதே குறையை மனைவிமேல் ஏற்றிக் கூறியிருக்கிறான். தன்னிடமுள்ளதைப் பிறர்மேல் ஏற்றிக் காணும் இம்மனப்போக்கை உளவியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆனால் நூலாசிரியர் ஓரிடத்திலும் உளவியல் பாடம் நடத்தவில்லை. திண்ணைப் பேச்சும் கிணற்றடிப் பேச்சும் உறவினர் மௌனமுமாக அதைக் காட்டிவிடுகிறார்.

இங்கே அறத்தொடு நிற்றலின் சங்கிலி எவ்வாறு அறுபடுகிறது என்று காண்க. நாகுவுக்கு உண்மை தெரியும். ஆனால் நாணம் அவள் வாயைக் கட்டிவிடுகிறது. அவள் சொல்லாததைத் தோழி எடுத்துச் செல்ல வழியில்லை. தாய்க்கு ஐயம் இருக்கலாம். தந்தைக்கு உரைக்கும் துணிவு இல்லை. தந்தைக்கோ ஊரார் முன் தலைநிமிரும் வலிமை இல்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியாக, கேட்க வேண்டியவனாக மட்டும் இருந்த தமையன், தானே தேடிப் புறப்படும் நிலை வருகிறது. திரவி அறத்தொடு நிற்கிறான். அவளுக்கு மறுவாழ்வு தேட முனையும்போது ஊரின் அறத்துக்கு எதிராகவே நிற்க வேண்டியவனாகிறான். முடிவில் என்ன நேர்கிறது என்பதை நாம் இங்கே கூறப்போவதில்லை. அதனை நூலில் படித்தலே முறை.

ஒரு சட்டச் செய்தியையும் ஈண்டுக் குறித்தல் நலம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, ஆண்மைக் குறை காரணமாக இல்லறம் கூடாத திருமணத்தை நீதிமன்றம் செல்லாததாக்க வழி செய்துள்ளது. கணவன் மனைவி இருவருமே அவ்வழியை நாடலாம். நாவல் வெளிவருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே சட்டம் இவ்வாறு சமநிலை கண்டிருந்தது. ஆனால் திண்ணை நீதிமன்றத்தில் ஒரு தரப்பு வாதமே எடுபட்டது. சட்டப் புத்தகத்துக்கும் ஊர்த் திண்ணைக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காட்டிய நூல் என இதனைப் போற்றலாம்.

பள்ளிகொண்டபுரம்

‘தலைமுறைகள்’ ஊரே சேர்ந்து காக்கும் மறைவைப் பற்றியது என்றால், 1970இல் வெளிவந்த ‘பள்ளிகொண்டபுரம்’ ஒரே மனிதன் தனக்குள் சுமக்கும் மறைவைப் பற்றியது. பள்ளிகொண்ட பெருமாளின் ஊராகிய திருவனந்தபுரமே களம். அனந்தன் நாயர் அந்நகரின் கோயிலிலும் தெருக்களிலும் நடக்கிறார். நடக்க நடக்க நினைவுகள் எழுகின்றன. அழகியான அவர் மனைவி கார்த்தியாயினி, அவரையும் பிள்ளைகள் இருவரையும் விட்டு, செல்வாக்குமிக்க வேறொருவருடன் வாழச் சென்றுவிட்டாள். பிள்ளைகளை வளர்த்தவர் அவர். வளர்ந்த பிள்ளைகள் இப்போது தாயைப் பற்றித் தாமே ஒரு முடிவுக்கு வரும் பருவத்தை அடைந்துள்ளனர்.

வெளிப்பார்வைக்கு இதில் மர்மம் ஏதுமில்லை. மனைவி சென்றது நகரறிந்த செய்தி. ஆயினும் படிக்கப் படிக்க ஒரு கேள்வி நம்மைப் பற்றிக்கொள்கிறது: அவள் ஏன் சென்றாள்? கைவிடப்பட்ட நல்லவராகத் தம்மைக் கருதும் அனந்தன் நாயரின் நினைவுகளிலேயே, அவர் விரும்பாமலே, வேறு சான்றுகள் வெளிப்படுகின்றன. அவருடைய தாழ்வு மனப்பான்மை, ஓயாத ஐயம், மனைவியின் அழகைக் கண்டு அஞ்சிய அச்சம் ஆகியவை ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அவர் தம் வழக்கைத் தாமே வாதாடுகிறார். அவ்வாதமே அவருக்கு எதிரான சாட்சியமாகவும் மாறுகிறது. துப்பறிவோனும் குற்றவாளியும் ஒருவரே என்றமைந்த கதை உலக இலக்கியத்திலும் மிகுதியாக இல்லை.

இதன் பின்னணியில் ஒரு சமூக மாற்றமும் உண்டு. பழைய மருமக்கள் தாய முறையில் பெண் தன் தறவாட்டிலேயே வாழ்ந்தாள். கணவன் வந்து செல்பவன். திருவிதாங்கூரில் 1925ஆம் ஆண்டின் நாயர் சட்டம் தறவாட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்க வழி திறந்தது. கணவன், மனைவி, மக்கள் என்ற சிறு குடும்பம் வலுப்பெற்றது. அனந்தன் நாயர் அப்புதிய குடும்பத்தின் தலைவர். ஆனால் தலைமைக்குரிய பொருள் வலிமையோ மன வலிமையோ அவரிடம் இல்லை. தறவாட்டின் தூணும் அவருக்கு இல்லை, புதிய வீட்டின் கூரையும் அவரால் தாங்க முடியவில்லை. இந்த இரக்கத்துக்குரிய நிலையை ஆசிரியர் குற்றம் சாட்டாமல் காட்டுகிறார்.

சில குறைகள்

புகழ்மொழி மட்டுமே திறனாய்வு ஆகாது. ‘தலைமுறைகள்’ நாவலில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. பழி சுமந்தவள் நாகு. உண்மை அறிந்தவளும் அவளே. ஆனால் அவள் மனத்துக்குள் நாம் போதிய அளவு அழைத்துச் செல்லப்படுவதில்லை. அவளுக்காகத் திரவி கொதிக்கிறான், திரவி தேடுகிறான், திரவி முடிவெடுக்கிறான். சுபத்திரை தன் மறைவைத் தானே அவிழ்த்தாள்; நாகுவுக்கு அவ்வாய்ப்புத் தரப்படவில்லை. அக்காலத்துக் குடும்பத்தில் அதுவே நடைமுறை என்று விடை கூறலாம். ஆயினும் ஊர் அவளைப் பேசவிடவில்லை என்று வருந்தும் நூல், தானும் அவளை அதிகம் பேசவிடவில்லை என்பதை மறுத்தல் இயலாது.

கார்த்தியாயினியும் பேசவில்லை. அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அனந்தன் நாயரின் நினைவு வழியே அறிவன. ஆனால் அங்கே அது குறையன்று. நூலின் அடிப்படை உத்தியே அது. ஒரு தரப்பை மட்டும் கேட்டு வேறொரு தரப்பை ஊகிக்கும் பொறுப்பு வாசகரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒரே மௌனம் ஒரு நூலில் குறையாகவும் மற்றொன்றில் கலையாகவும் அமைவது எண்ணத்தக்கது.

நம் வீட்டுத் தமிழ்

‘தலைமுறைகள்’ வட்டார வழக்கில் அமைந்தது. சோழ நாட்டு வாசகர்க்கு அந்நடை கடினமாகத் தோன்றக்கூடும். நமக்கோ அது தாய்வீட்டுச் சமையல். ‘மக்களே’ என்று அழைக்கும் அழைப்பும், ‘வெஞ்சனம்’ என்னும் சொல்லும், தோப்பை ‘விளை’ என்று கூறும் வழக்கும் நம் வீடுகளில் இன்றும் ஒலிப்பவை.

1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே விழுந்தது. உறவுகள் இரு பக்கமும் கிடந்தன. நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் தொழில் நிமித்தம் வந்தவர்களும் நம்முடன் சேர்ந்தனர். நம் பேச்சைக் கேட்ட தமிழ்நாட்டார் மலையாளம் என்கின்றனர். மலையாளிகள் பாண்டித் தமிழ் என்கின்றனர். எவருடைய நற்சான்றும் இல்லாத இம்மொழியில் ஒரு பெருநாவல் எழுத இயலும் என்று நிறுவியதே நீல. பத்மநாபன் நமக்குச் செய்த பேருதவி. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. குடும்பத்து மறைவை ஏட்டுத் தமிழில் கூறினால் அது செய்தி ஆகிவிடும். வீட்டுத் தமிழில் கூறும்போதுதான் அது நெஞ்சைச் சுடுகிறது.

நம் வாசலில்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நன்கறிந்த ஒரு வீட்டுக்கு, எல்லைக்கு அப்பால் மணமுடித்துச் சென்ற பெண் எட்டே மாதங்களில் திரும்பி வந்தாள். அவளைப் பற்றிய சொல் அவளுக்கு முன்னமே பேருந்தேறி வந்துவிட்டது. நாமும் அச்சொல்லைக் கேட்டோம். பரப்பவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. அலுவலகத்தில் ‘மந்தணம்’ என முத்திரையிட்ட உறையைப் பிரிக்காமல் மேலே அனுப்பிப் பழகிய கை, வாழ்விலும் அவ்வாறே செய்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உண்மை வேறு என்று தெரிய வந்தபோது, அப்பெண்ணின் தாய் நம் வீட்டாரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “நீங்களாவது அன்னைக்கே வந்து எங்ககிட்ட கேட்டிருக்கலாமே?” அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. அதன் பின்னரே ‘தலைமுறைகள்’ நாவலை இரண்டாம் முறை படித்தோம். முதல் வாசிப்பில் திரவியோடு நம்மைச் சேர்த்து எண்ணியிருந்தோம். இரண்டாம் வாசிப்பில்தான், திண்ணையில் வாய்மூடி அமர்ந்திருந்த ஊராரிடையே நம் முகம் தெரிந்தது.

முடிவுரை

நெய்யாற்றின்கரைக் கிருட்டிணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பலாவை நம் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம். பகைவர் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மா அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது செவிவழிச் செய்தி. அம்மறைவு ஓர் உயிரைக் காத்தது. செவத்தபெருமாள் செய்த மறைவோ ஓர் உயிரைத் தின்றது. மறைத்தல் எல்லாம் தீதன்று. எவரைக் காக்க மறைக்கிறோம், அதற்கு விலை கொடுப்பவர் எவர் என்பதே கேள்வி. நல்ல மர்ம நாவல் இக்கேள்வியை எழுப்பிவிட்டே நம்மை விடுகிறது.

நம் பிள்ளைகளில் பலர் மலையாளப் பள்ளியில் பயில்கின்றனர்; தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகின்றனர். அவர்களுக்கு இந்நாவல்களைப் படித்துக் காட்டுவோம். ‘தலைமுறைகள்’ காதால் கேட்கத் தக்க நூல்; கேட்டால் அவர்களுக்கு எளிதில் விளங்கும், ஏனெனில் அது அவர்களின் ஆச்சி பேசும் மொழி. படித்துக் காட்டும்போது நாகு திரும்பி வரும் இடத்தில் சற்றே நிறுத்துவோம். “ஊர் சொல்வதை நீங்கள் நம்புகிறீர்களா?” என்று கேட்போம். அவர்கள் சொல்லும் விடையைப் பொறுமையுடன் கேட்போம். நாம் அன்று கேட்கத் தவறிய கேள்வியை அவர்களாவது உரிய நேரத்தில், உரிய வாசலில் சென்று கேட்பார்களாக.